கண்ட்ரோல் ஹெட்டைத் தனியே மாட்ட எந்தக் கேபிள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்றைய கார் டேஷ்போர்டில் பேசவும் கேட்கவும் பயன்படும் ரேடியோ செட்டை முழுதாக மாட்ட இடமில்லை. அதனால் செட்டின் பாடியைச் சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ வைத்துவிட்டு, திரையும் பொத்தான்களும் உள்ள கண்ட்ரோல் ஹெட்டை மட்டும் கைக்கெட்டும் இடத்தில் மாட்டுகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஓடும் கேபிளைப் பற்றி ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. ஐகாம், யேஸு, கென்வுட் மொபைல் செட்டுகளை, அதாவது வண்டியில் மாட்டும் ரேடியோக்களை, மனதில் வைத்து எழுதியது. மோட்டரோலா போன்ற வணிக செட்டுகளுக்கும் படகுக்கும் கீழே தனித்தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

எல்லா மொபைல் செட்டிலும் ஹெட்டைப் பிரிக்க முடியுமா?

முடியாது. சிலவற்றில் முகப்பு பாடியோடு ஒன்றியே வரும்; அவற்றுக்கு எந்தக் கேபிளும் உதவாது. சிலவற்றில் ஹெட் கழன்று வரும், ஆனால் பிரித்து மாட்டுவதற்கான கிட்டைத் தனியே வாங்கவேண்டும். யேஸு எஃப்டி-857டி-க்கு ஒய்எஸ்கே-857, கென்வுட் டிஎம்-வி71ஏ-க்கு டிஎஃப்கே-3டி. இன்னும் சில பிறக்கும்போதே இரண்டு துண்டு: ஐகாம் ஐசி-7100, கென்வுட் டிஎஸ்-480, டிஎம்-டி710ஏ.

பழைய செட் வாங்குகிறவர்கள் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 857டி உற்பத்தி நின்றுபோன செட். கிட் இல்லாமல் மலிவாக வாங்கிவிட்டு, அப்புறம் கிட்டைத் தேடி அலைவதில் மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடும்.

ஒரு கேபிள் போதுமா, இரண்டு வேண்டுமா?

கேபிள் வாங்கும் முன் பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலானவர்கள் கார்ப்பெட்டை எல்லாம் திரும்ப மூடிய பிறகுதான் இதைக் கேட்கிறார்கள்.

மைக் எங்கே செருகப்படுகிறது என்று பாருங்கள். ஐசி-7100-இல் ஹெட்டிலேயே மைக் சாக்கெட் இருக்கிறது. ஹெட் கேபிள் வழியாகவே குரலும் போய்விடும், ஒரு கேபிள் போதும். டிஎஸ்-480-இல் அப்படி இல்லை, மைக் பாடியில்தான் செருகும். டிஎம்-டி710ஏ, எஃப்டி-857டி ஆகியவையும் அப்படியே. பாடி டிக்கியில் இருந்தால் மைக்குக்கும் முன்சீட் வரை இன்னொரு கேபிள் இழுக்கவேண்டும்.

அடுத்தது ஸ்பீக்கர். பாடிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் டிக்கியில் கத்தினால் ஓட்டுகிறவர் காதில் விழாது. ஆக, பெரும்பாலான செட்டுகளுக்கு ஹெட், மைக், ஸ்பீக்கர் என மூன்று கேபிள் முன்னால் வரும். மோர்ஸ் கீயும் பயன்படுத்தினால் நான்கு. இத்தனையும் ஒரே வழியில் வரப்போகின்றன என்று தெரிந்த பிறகு நீளத்தை அளங்கள்.

ஹெட் கேபிளின் பிளக் லேன் பிளக் மாதிரியே இருக்கிறது. லேன் கேபிளைச் செருகிவிடலாமா?

சில செட்டில் செருகலாம், சில செட்டில் செருகினால் ஹெட் போய்விடும். பிளக் சாக்கெட்டில் "டக்" என்று உட்கார்ந்துவிட்டது என்பதற்காக உள்ளே கம்பிகள் சரியாகப் போகின்றன என்று அர்த்தமில்லை.

அந்தப் பிளக் தொலைபேசிக்கும் கணினி வலைக்கும் ரேடியோவுக்கும் பொதுவானது. ஆறு முள் வகை ஒன்று, எட்டு முள் வகை ஒன்று. எந்த முள்ளில் எது வரவேண்டும் என்பதை ஒவ்வொரு ரேடியோ நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. ஹெட்டுக்கான மின்சாரம், அது திரும்பிவரும் கிரவுண்ட், தகவல் போக ஒன்று, வர ஒன்று, பவர் பொத்தானுக்கு ஒன்று, சில செட்டில் மைக் குரலுக்கும் ஸ்பீக்கர் ஒலிக்கும் சில. இவற்றில் மின்சாரக் கம்பி தப்பான முள்ளில் போய் நின்றால், 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காத தகவல் முனையில் 8 வோல்ட்டோ 13.8 வோல்ட்டோ ஏறிவிடும். அது ஃபியூஸ் காப்பாற்றும் வகைச் சேதம் அல்ல.

ஐசி-7100-ஐ நல்ல ஸ்ட்ரெய்ட் லேன் கேபிளில் ஓட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு மற்ற செட்டுக்கும் அதே கதை என்று நினைக்கவேண்டாம். உங்கள் செட்டின் சர்வீஸ் மேனுவலில் வயரிங் படத்தைப் பாருங்கள். அது கிடைக்கவில்லை என்றால் ஒரிஜினல் கேபிளை மல்ட்டிமீட்டரால் முள்முள்ளாகச் சோதித்துத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். இரண்டுமே முடியாதென்றால் ஒரிஜினல் கேபிளையே வாங்குங்கள். விலை உறுத்தும்தான். ஹெட்டின் விலை இன்னும் உறுத்தும்.

இன்னொன்று: டிக்கியிலிருந்து வரும் ஹெட் கேபிளை யாராவது தவறுதலாக லேப்டாப்பின் லேன் சாக்கெட்டில் செருகிவிட வாய்ப்பிருக்கிறது. முனையில் ஒரு சிவப்பு டேப் சுற்றிவைப்பது நல்லது. மைக் பிளக்கும் ஹெட் பிளக்கும் ஒரே வடிவில் இருக்கும் செட்டுகளில் இது இன்னும் அவசியம்.

ஸ்ட்ரெய்ட், ரிவர்ஸ் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

கேபிளின் இரு முனைகளையும் ஒரே கையில் பக்கம்பக்கமாகப் பிடியுங்கள். இரண்டு பிளக்கின் கிளிப்பும் ஒரே திசையைப் பார்க்கட்டும். இடமிருந்து வலமாக நிற வரிசை இரண்டிலும் ஒன்றாக இருந்தால் ஸ்ட்ரெய்ட். கண்ணாடியில் பார்த்ததுபோல் தலைகீழாக இருந்தால் ரிவர்ஸ்.

தொலைபேசிக்கு வரும் தட்டைக் கேபிள்கள் பெரும்பாலும் ரிவர்ஸ்; தொலைபேசிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. லேன் பேட்ச் கேபிள் ஸ்ட்ரெய்ட். ஆறு முள் ஹெட் கேபிள் அறுந்தால் வீட்டில் கிடக்கும் தொலைபேசி வயரை எடுத்துச் செருகத் தோன்றும். அங்கேதான் ஆபத்து: ஒன்றாம் முள்ளில் வரும் மின்சாரம் ஆறாம் முள்ளுக்குப் போய்விடும். தொலைபேசி வயரில் பல நேரம் ஆறு முள்ளில் இரண்டிலோ நான்கிலோதான் கம்பி இருக்கும் என்பது வேறு.

இரண்டு கேபிளை இணைத்து நீட்டிக்கப் பயன்படும், இருபுறமும் சாக்கெட் உள்ள கப்ளர்களிலும் இதே சிக்கல் உண்டு. சில கப்ளர்கள் வரிசையைத் திருப்பிவிடும். கேபிளைத் தனியாகவும், கப்ளரோடு சேர்த்தும் சோதியுங்கள். என்னைக் கேட்டால், அதிர்கிற வண்டியில் கப்ளரே வேண்டாம். நடுவழியில் ஒரு மூட்டு என்றால், பழுதாகக் கூடுதலாக ஓர் இடம்.

எவ்வளவு நீளம் வாங்குவது?

ஒரு கயிற்றை எடுத்து, கேபிள் உண்மையில் போகப்போகும் வழியிலேயே விட்டு அளங்கள். கதவோரம், சீட்டுக்கு அடி, கன்சோல் வளைவு எல்லாம் சேர்த்து. சீட் முன்னும் பின்னும் நகர இடமும், ஹெட்டைக் கழற்றிக் கையில் எடுக்க ஒரு முழமும் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த அளவில் கிடைப்பதை வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஐகாம் 706எம்கே2ஜி, 7000, 7100 மூன்றுக்குமே நிறுவனம் 3.5 மீட்டர், 5 மீட்டர் என இரண்டு நீளத்தில் கேபிள் கொடுத்தது. 7100-க்கு ஓபிசி-2253 என்பது 3.5 மீட்டர், ஓபிசி-2254 என்பது 5 மீட்டர். டிஎம்-டி710ஏ-க்கு பிஜி-5எஃப் என்ற 4 மீட்டர் நீட்டிப்புக் கிட் உண்டு. ஹேட்ச்பேக்குக்குப் பெரும்பாலும் 3.5 மீட்டர் போதும். செடானின் டிக்கிக்கு 5 மீட்டர் தேவைப்படலாம்.

நீளம் கூடினால் என்ன கெடுதல்? மிச்சக் கேபிளைச் சுருட்டி எங்காவது திணிப்போம். அது ரேடியோ அலையைப் பிடிக்கும் ஆன்டெனாவாக வேலை செய்யும். 14 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறக்குறைய 5.3 மீட்டர். அதாவது 5 மீட்டர் கேபிள், 20 மீட்டர் பேண்ட் என்று சொல்லப்படும் இந்த 14 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட ஒரு கால் அலை ஆன்டெனா. 100 வாட்டில் பேசும்போது ஹெட் உறைந்துபோகிறது, திரை மினுக்குகிறது, குரல் சிதைகிறது என்று வரும் புகார்களில் நல்ல பங்கு இதனால்தான்.

கம்பியின் தடிமன் முக்கியமா? லேன் கேபிள்தானே, எதை வாங்கினால் என்ன?

ஹெட்டுக்கான மின்சாரமும் இந்த மெல்லிய கம்பியில்தான் போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹெட் 0.3 ஆம்பியர் இழுக்கிறது, கேபிள் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 12 மீட்டர் கம்பி. 24 கேஜ் (எண் கூடினால் கம்பி மெல்லிசு) செம்பில் மீட்டருக்கு 0.084 ஓம், இழப்பு 0.3 வோல்ட். 26 கேஜில் மீட்டருக்கு 0.134 ஓம், இழப்பு அரை வோல்ட்டை ஒட்டி வரும். தட்டைக் கேபிள்களில் காணும் 28 கேஜில் முக்கால் வோல்ட்.

ஹெட்டுக்கு 8 வோல்ட்டோ 13.8 வோல்ட்டோ அனுப்பி உள்ளே ரெகுலேட்டர் வைத்திருக்கும் செட்டுக்கு இந்த முக்கால் வோல்ட் பெரிதல்ல. ஆனால் அதில் பாதி இழப்பு கிரவுண்ட் கம்பியில் நடக்கிறது என்பதை மறக்கக்கூடாது. மைக் குரலும் அதே கிரவுண்டைப் பகிர்ந்துகொண்டால், திரை விளக்கின் மின்னோட்டமும் பொத்தான் தகவலும் குரலுக்குள் டிக்டிக் என்று நுழையும்.

கடையில் கேட்கவேண்டியது இரண்டு. முதலாவது, முழுச் செம்பா என்பது. ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும், அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுக் கொடுத்த லேன் கேபிள் தாராளமாக விற்கிறது. பெட்டியில் சிசிஏ என்று போட்டிருக்கும், போடாமலும் இருக்கும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். அதன் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதோடு வளைத்தால் சீக்கிரம் ஒடியும். இரண்டாவது, பல இழைக் கம்பியா என்பது. சுவருக்குள் போடும் லேன் கேபிளில் ஒற்றைக் கம்பி இருக்கும். அதிர்கிற வண்டியில் அது பிளக்கின் கழுத்தில் ஒடியும். பேட்ச் கேபிள் பல இழை, வண்டிக்கு அதுதான். லேன் கேபிள் தரத்தில் கேட்-5இ போதும். கேட்-6, கேட்-7 என்று ஏறுவதால் ரேடியோவுக்கு லாபமில்லை, தடித்த கேபிள் வளைய மறுப்பதுதான் மிச்சம்.

ஷீல்டு உள்ளது வாங்கலாமா? ஃபெரைட் வேண்டுமா?

மைக் கேபிளுக்கு ஷீல்டு, அதாவது கம்பிகளைச் சுற்றிய உலோக உறை, அவசியம் என்றே சொல்வேன். மைக் குரல் மில்லிவோல்ட் அளவில் வருவது. ஆல்டர்னேட்டரின் கீச்சுச் சத்தம் அதில் சுலபமாக ஏறும். ஹெட் கேபிளுக்கு ஷீல்டு இருந்தால் நல்லது. ஆனால் பிளக்கும் உலோக உறை உள்ளதாக இருந்து, செட்டின் சாக்கெட்டிலும் அதைத் தொடும் உலோகம் இருந்தால்தான் ஷீல்டு எங்காவது இணையும். பிளாஸ்டிக் சாக்கெட்டில் ஷீல்டு கேபிள் செருகுவதில் பெரிய பயன் இல்லை.

ஹெச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை) செட் என்றால் ஃபெரைட், அதாவது கேபிளில் ஏறும் ரேடியோ அலையைத் தடுக்கும் காந்தக் கலவை வளையம், நிச்சயம் போடுங்கள். 31 என்ற வகைக் கலவை ஹெச்எஃப்புக்கு ஏற்றது. கிளிப் போல மாட்டும் ஃபெரைட்டில் கேபிளை ஒருமுறை நுழைப்பதைவிடப் பெரிய துளை உள்ளதை வாங்கி மூன்று நான்கு சுற்றுச் சுற்றுவது மேல்: தடுப்பு, சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மூன்று சுற்றுக்கு ஒன்பது மடங்கு. ஹெட் பக்கம் ஒன்று, பாடி பக்கம் ஒன்று. மிஞ்சிய நீளத்தைக் கழிக்கவும் இது ஒரு வழி. 2 மீட்டர் பேண்ட், 70 சென்டிமீட்டர் பேண்ட் மட்டும் உள்ள எஃப்எம் செட்டுக்குத் தொந்தரவு வந்தால் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

கேபிள் முனையில் பிளக்கை நானே அழுத்திப் பொருத்தி கிரிம்ப் செய்யலாமா?

தாராளமாக. சரியான நீளத்தில் கேபிள் வேண்டுமென்றால் அதுதான் வழி. பிளக் வாங்கும்போது மட்டும் கவனம்: பல இழைக் கம்பிக்கான பிளக்கின் பல் கம்பிக்குள் குத்தி இறங்கும், ஒற்றைக் கம்பிக்கானது கம்பியை இருபுறமும் கவ்வும். மாற்றிப் போட்டால் இன்று வேலை செய்யும், குண்டும் குழியுமான சாலையில் நாலு நாள் ஓடியதும் விட்டுவிட்டு வரும். தட்டைக் கேபிளுக்கும் உருண்டைக் கேபிளுக்கும்கூட பிளக் வேறு.

லேன் கேபிளில் ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8 என்று முறுக்கப்பட்டிருக்கும். இரு முனையிலும் ஒரே நிற வரிசை போட்டால் ஸ்ட்ரெய்ட்தான், லேன் கேபிளுக்கு வழக்கமான ஏ, பி என்ற இரண்டு நிற வரிசைகளில் எதுவானாலும். ஆனால் உங்கள் செட்டில் குரலும் தகவலும் ஒரே ஜோடியில் விழுகின்றனவா என்று வயரிங் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றோடொன்று முறுக்கிய கம்பிகள் நன்றாகவே ஒட்டுக்கேட்கும். அப்படி விழுந்தால் ஒரிஜினல் கேபிள் மேல்.

செய்து முடித்ததும் ஒவ்வொரு முள்ளும் மறுமுனையில் எங்கே வருகிறது, பக்கத்து முள்ளோடு ஷார்ட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, பிளக்கைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இன்னொருமுறை பாருங்கள். பவர் நிறுத்திய பிறகுதான் செட்டில் செருகவேண்டும்.

காருக்குள் எந்த வழியாக விடுவது?

கதவோரத்தில் காலடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் விடுவது சுலபமான வழி. மேலே கண்ணாடித் தூண் வழியாக விடுவதாக இருந்தால் அங்கே ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அந்த வழியே வேண்டாம். சீட் தண்டவாளம், சீட் பெல்ட் சுருள், பெடல் மூன்றையும் விட்டு விலகி இருக்கட்டும். ஆன்டெனா கோஆக்ஸையும் ஹெட் கேபிளையும் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றாதீர்கள். பாட்டரி கேபிளை மறுபக்கக் கதவோரம் விடுங்கள். குறுக்கே போகவேண்டி வந்தால் செங்குத்தாகப் போகட்டும்.

எலி நம் ஊர்ப் பிரச்சினை. வண்டி வெளியே நிற்பதாக இருந்தால் கேபிளை நெளி குழாய்க்குள் விடுங்கள். அது எலியை முழுதாகத் தடுக்காது, ஆனால் கடிபட்ட இடம் வெளியே தெரியும்.

பாட்டரியிலிருந்து பாடிக்கு வரும் கேபிள்?

பாடி பின்னால் போனால் பவர் கேபிளும் நீளும், அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 100 வாட் ஹெச்எஃப் செட் பேசும்போது 22 ஆம்பியர் வரை இழுக்கும். 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஏறக்குறைய 1.75 வோல்ட் போய்விடும், 4-இல் 1.1 வோல்ட், 6-இல் 0.7 வோல்ட். இந்த வகை செட்டுகளுக்கு வழக்கமான வரம்பு 13.8 வோல்ட்டில் 15 சதவீதம் கூடக் குறைய, அதாவது கீழே 11.7. இன்ஜின் அணைந்து பாட்டரி 12.5-இல் இருக்கும்போது, 2.5 கம்பியில் பேச ஆரம்பித்தால் செட் தானே அணைந்துவிடும். பழி ஹெட் கேபிள் மேல் விழும். 6 சதுர மில்லிமீட்டர் போடுங்கள், ஃபியூஸ் பாட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

ஸ்பீக்கர் வயர்?

0.5 அல்லது 0.75 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயர் போதும். மோட்டரோலா மொபைல் செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு கம்பியில் எதுவும் கிரவுண்டைத் தொடக்கூடாது. தொட்டால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும்.

டாக்ஸி, செக்யூரிட்டி நிறுவனங்கள் வைத்திருக்கும் மோட்டரோலா செட்டுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

நீளம், வழி, ஃபியூஸ் பற்றிச் சொன்னவை பொருந்தும். கேபிளை நாமே செய்வது பொருந்தாது. மோட்டரோலாவின் டிஜிட்டல் வரிசையான மோட்டோட்ரபோ வகைகளில் ஹெட்டைப் பிரிக்க ரிமோட் மவுண்ட் கிட் வேண்டும். பாடியின் முகத்தில் மாட்டும் ஒரு துண்டு, ஹெட்டின் முதுகில் மாட்டும் ஒரு துண்டு, நடுவில் அதற்கென்றே செய்த கேபிள். கேபிளை மட்டும் வாங்கிச் செருக இடமே இருக்காது. ஆர்டர் போடும் முன் செட்டின் முழு மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு செட்டுக்குக் கிட் வேறாக இருக்கும்.

படகில் மாட்டுவதாக இருந்தால்?

உப்புக்காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துப்போகும், ஆகவே வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி வாங்குங்கள். லேன் வகைப் பிளக் படகுக்கு ஆகாது. படகுக்கான விஹெச்எஃப் செட்டுகளில் தண்ணீர் புகாத வட்ட பிளக்கோடு இரண்டாவது ஹெட் மாதிரி வேலை செய்யும் மைக்குகள் வருகின்றன. ஐகாமின் கமாண்ட்மைக் அப்படிப்பட்டது, ஓபிசி-1541 என்ற 6 மீட்டர் கேபிளால் அதை நீட்டலாம்.

செட் மொட்டைமாடி அறையில், நான் கீழே. 30 மீட்டர் கேபிள் இழுக்கலாமா?

இழுக்கவேண்டாம். ஹெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் போகும் தகவல், காருக்குள் சில மீட்டர் போவதற்காக வடிவமைத்தது. இவ்வளவு தூரத்தில் மின்னழுத்த இழப்பும் ஆன்டெனாவிலிருந்து ஏறும் அலையும் சேர்ந்து நிம்மதியைக் கெடுக்கும். அதற்கு வீட்டு நெட்வொர்க்கில் ஓட்டுவது மேல். டிஎஸ்-480, ஐசி-706 போன்றவற்றின் ஹெட்டை இன்டர்நெட் வழியாக இணைக்க ரிமோட்ரிக் என்ற ஸ்வீடன் நாட்டுப் பெட்டி ஜோடி இருக்கிறது. கணினித் திரையே போதும் என்றால் ஐகாமின் ஆர்எஸ்-பிஏ1 மென்பொருள் உண்டு.

வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஹெட்டைக் கழற்றி எடுத்துப்போகிறேன். பரவாயில்லையா?

திருட்டுக்கும் வெயிலுக்கும் நல்லதுதான், மூடிய கார் மே மாதத்தில் அடுப்பாகிவிடும். ஆனால் இந்த வகைப் பிளக்குக்குத் தரநிலை எதிர்பார்ப்பு 750 முறை செருகிக் கழற்றுவது. தினம் ஒருமுறை என்றால் இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். கேபிள் முனை தேய்ந்தால் புதுப் பிளக் கிரிம்ப் செய்யலாம், ஹெட்டுக்குள் இருக்கும் சாக்கெட் தேய்ந்தால் போர்டைப் பிரித்து சால்டரிங் செய்யவேண்டும். அதனால் கப்ளர் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இங்கே ஒரு விதிவிலக்கு: ஹெட்டில் அரை அடிக் கேபிளை நிரந்தரமாகச் செருகிவிட்டு, அதன் மறுமுனையில் வரிசை திருப்பாத கப்ளர் ஒன்றைப் போட்டு, தினமும் அங்கே கழற்றுங்கள். தேய்வது நாற்பது ஐம்பது ரூபாய்க் கப்ளராக இருக்கட்டும்.